வந்து சேராத எச்சரிக்கை

(குளச்சலில் ஒரு வாசகசாலையின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது, பரவாயில்லை.

கூட்டம் தொடங்குமுன் வெளியே டீ குடிக்கும்போது ஒரு அண்ணாச்சி கேட்டார்: "டாக்டரே, கொரோனா வந்தப்போ சுகர் உள்ள எங்க அம்மைக்கு வெறும் சளிதான். 65 வயசிலயும் வள்ளம் தள்ளிட்டு இருந்த அண்ணனைத்தான் கொண்டு போச்சு. அது எப்படி?"

நான் பேச வந்ததும் அதைப் பற்றித்தான்.

அந்த நாட்களில் வார்டில் திரும்பத் திரும்பப் பார்த்த காட்சி ஒன்று உண்டு. ஒரு வாரம் சாதாரணக் காய்ச்சல். எட்டாம் நாள் காலையில் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர், ரத்தத்தில் ஆக்சிஜன் 95 சதவீதம் என்று காட்டும். சாயங்காலம் 88. மறுநாள் விடியுமுன் 79. ஆளோ, "எனக்கு ஒண்ணுமில்ல, கஞ்சி தாங்க" என்று கட்டிலில் உட்கார்ந்திருப்பார். நுரையீரல் அழன்று நீர் கோத்திருக்கும். செல்கள் ஒன்றுக்கொன்று தகவல் சொல்ல விடும் புரதங்கள்தான் சைட்டோகைன்; அவை அளவில்லாமல் கொட்டுவதைச் சைட்டோகைன் புயல் என்று பத்திரிகைகள் எழுதின. எதிர்ப்புச் சக்தி அளவுக்கு மீறிவிட்டது என்று நாங்களும் சொன்னோம். அதில் பாதிதான் சரி.

புயல் என்றால் இந்தக் கரையில் ஒக்கிதான். 2017 நவம்பர் கடைசி. அதைப் பற்றி இங்கே யாரிடம் கேட்டாலும், காற்று எத்தனை கிலோமீட்டர் வேகம் என்று ஆரம்பிக்க மாட்டார்கள். "தகவல் வரல டாக்டரே" என்றுதான் ஆரம்பிப்பார்கள். கடலில் கிடந்தவர்களுக்கு எச்சரிக்கை நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை.

உடம்புக்கும் அப்படி ஓர் எச்சரிக்கை இருக்கிறது. பெயர் இன்டர்ஃபெரான். 1957இல் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இருவர் கண்டுபிடித்தது. வைரஸ் புகுந்த செல், தான் சாகுமுன் இதை வெளியே விடும். பக்கத்துச் செல்கள் அதை வாங்கிக்கொண்டு, வைரஸ் தன்னை நகலெடுக்க முடியாதபடி உள்ளே ஏற்பாடு செய்துகொள்ளும். முதல் இரண்டு மூன்று நாளில் நடந்தால்தான் இதற்குப் பலன்.

சிலருடைய உடம்பில் ஒரு கோளாறு. கிருமியைப் பிடிக்க வேண்டிய ஆன்டிபாடி, சொந்த இன்டர்ஃபெரானையே பிடித்து முடக்கிவிடுகிறது. இதைத் தன்னெதிர் ஆன்டிபாடி என்கிறோம். செல் கத்துகிறது, பக்கத்து வீட்டுக்குக் கேட்கவில்லை.

2020இல் காசனோவா, பாஸ்டார்ட் என்ற ஆராய்ச்சியாளர்களின் குழு வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். உயிருக்கு ஆபத்தான கோவிட் நிமோனியா வந்த 987 பேரில் 101 பேருக்கு இந்த ஆன்டிபாடி இருந்தது. லேசாக வந்துபோன, அல்லது அறிகுறியே இல்லாத 663 பேரில் ஒருவருக்கும் இல்லை. நலமாக இருந்த 1,227 பேரில் நாலே பேர். அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள். பெருந்தொற்றுக்கு முன்பே எடுத்து வைத்திருந்த சிலரின் ரத்தம் கிடைத்தது. அதிலும் ஆன்டிபாடி இருந்தது. அதாவது நோய் கொண்டுவந்ததில்லை, ஏற்கனவே சத்தமில்லாமல் இருந்தது. 70 வயது தாண்டியவர்களில் சுமார் 4 சதவீதம் பேருக்கு இது உண்டு என்று மறு ஆண்டு தெரிந்தது.

சரி, எச்சரிக்கை முடங்கினால் அழற்சி குறையத்தானே வேண்டும், ஏன் கூடுகிறது? எனக்கும் முதலில் இது புரியவில்லை. முதல் வாரம் தடையில்லாமல் வைரஸ் பெருகிவிடுகிறது. பிறகு எதிர்ப்புச் சக்தியின் பெரும்படை தாமதமாக வந்து இறங்கும்போது, நுரையீரல் முழுக்க எரிந்த செல்கள். மேக்ரோஃபேஜ்கள் என்ற, கிருமியை விழுங்கும் செல்கள், ஐஎல்-6 போன்ற அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்களை அள்ளிக் கொட்டுகின்றன. ரத்தக் குழாய்கள் கசிகின்றன. நேரத்துக்குச் சின்னதாக நடந்திருக்க வேண்டிய சண்டை, ஊரையே கொளுத்திவிட்டு நடக்கிறது.

கோவிடோடு இது நிற்கவில்லை. கொசு பரப்பும் வெஸ்ட் நைல் வைரஸ் மூளையைத் தாக்கியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இதே ஆன்டிபாடி இருந்தது. ரத்தத்தை உறைய வைக்கும் வேறு வகைத் தன்னெதிர் ஆன்டிபாடிகளும் கோவிட் நோயாளிகளிடம் கிடைத்தன. அது தனிக்கதை, இன்னொரு நாள் பேசலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். காய்ச்சல் வந்த அன்றே மெடிக்கலில் டெக்சாமெத்தசோன், அதாவது எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு மாத்திரை, வாங்கி விழுங்குகிறவர்கள் இங்கேயும் உட்கார்ந்திருப்பீர்கள். சிரிக்காதீர்கள்! வென்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவை அந்த மருந்து மூன்றில் ஒரு பங்கு குறைத்தது உண்மை. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் எந்தப் பலனும் தெரியவில்லை. வைரஸ் பெருகும் நாளில் அதைப் போடுவது, கரையில் இருக்கிற வயர்லெஸ்ஸையும் அணைத்து வைப்பது மாதிரி.

அண்ணாச்சி, உங்கள் அண்ணனுக்கு அந்த ஆன்டிபாடி இருந்ததா என்று கேட்பீர்கள். சர்க்கரை, உப்பு பார்ப்பதுபோல சாதாரண லேபில் பார்க்கிற டெஸ்ட் இல்லை அது. அன்றைக்கு அவர் ரத்தத்தை யாரும் எடுத்து வைக்கவும் இல்லை. கேஸ் ஷீட்டில் நாங்கள் எழுதியது "கோவிட் நிமோனியா" என்ற இரண்டு சொல்தான்.