உறையில் பெயர் இல்லாதவர்கள்

வணக்கம் நண்பர்களே.

அறுபதுகளின் இசை என்று தலைப்புக் கொடுத்தால் பேச வருபவர் எங்கே தொடங்குவார் என்று உங்களுக்கே தெரியும். முடியை நெற்றிவரை வளர்த்த நான்கு லிவர்பூல் பையன்கள், அவர்களைப் பார்த்துக் கதறும் பெண்கள், ஊட்ஸ்டாக் சேறு, கிட்டாருக்குத் தீ வைத்த ஹென்ட்ரிக்ஸ். எல்லாம் நடந்ததுதான். அந்தப் படங்களைப் பார்த்து மயங்கியவர்களில் நானும் ஒருவன். ஆனால் இன்றைக்கு வெளிவரும் ஒரு பாட்டைப் போட்டு, இதற்குள் அந்தப் பத்தாண்டு எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். முடியும் இருக்காது, சேறும் இருக்காது. பாட்டை உண்டாக்கும் முறையில்தான் இருக்கும். அந்த முறையைக் கண்டுபிடித்தவர்களில் பலருடைய பெயர் அன்று இசைத்தட்டு உறையில்கூட வரவில்லை. அவர்களைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். பீட்டில்ஸுக்காக வந்தவர்கள் எழுந்து போய்விட வேண்டாம். அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.

1963 பிப்ரவரி 11. லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவில் பீட்டில்ஸ் தங்கள் முதல் ஆல்பத்துக்காகப் பத்துப் பாட்டுகளை ஒரே நாளில் பதிவு செய்தார்கள். காலை பத்து மணிக்கு உள்ளே போனவர்கள் வெளியே வர இரவு பத்தேமுக்கால் ஆனது. ஜான் லென்னனுக்குக் கடும் ஜலதோஷம். தொண்டை கிழியப் பாட வேண்டிய பாட்டு ஒன்று பாக்கி இருந்தது. அதை முதலில் பாடினால் மற்றவற்றுக்குக் குரல் மிஞ்சாது என்று கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். முதல் டேக்கே சரியாக அமைந்துவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டாவது தடவை முயன்றபோது லென்னனிடம் குரல் இல்லை. 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' கேட்டவர்களுக்கு அந்தத் தொண்டை தெரியும்.

அன்றைக்கு ரெக்கார்டு என்றால் அவ்வளவுதான். மேடையில் வாசிப்பதை மைக் முன்னால் வாசிப்பார்கள், இயந்திரம் அதைப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும். இருந்ததே இரண்டு ட்ராக், அதாவது ஒலியைத் தனித்தனியாகப் பதிய இரண்டே தடம்.

மூன்று வருடம் கழித்து, 1966 ஏப்ரலில், அதே கட்டடத்துக்குள் போய்ப் பார்ப்போம். ஒரு மலையுச்சியிலிருந்து தலாய் லாமா ஓதுவது மாதிரித் தன் குரல் கேட்க வேண்டும் என்கிறார் லென்னன். இதைச் செய்து தர வேண்டிய ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக்குக்கு அப்போது வயது இருபது. ஹாமண்ட் ஆர்கனோடு வரும் சுழலும் ஸ்பீக்கர் பெட்டிக்குள் அந்தக் குரலைச் செலுத்தி, பெட்டியின் முன்னால் மைக்கை வைத்துப் பதிவு செய்தார். டிரம்ஸின் பெரிய பறைக்குள் ஒரு கம்பளிச் சட்டையைத் திணித்து, மைக்கை அதன் முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோனார். அப்படி வைக்கக் கூடாது என்று அங்கே விதி இருந்தது. வைத்தார். பால் மெக்கார்ட்னி டேப் துண்டுகளில் விதவிதமான சத்தங்களைப் பதிந்து வளையம் வளையமாக ஒட்டிக் கொண்டுவந்திருந்தார். கட்டடத்தில் இருந்த டேப் இயந்திரங்களில் அவற்றை ஒரே நேரத்தில் ஓடவிட்டார்கள். வளையம் தொய்ந்து சிக்கிக்கொள்ளாமல் இருக்க, ஊழியர்கள் அதற்குள் பென்சிலை நுழைத்து இழுத்துப் பிடித்தபடி நின்றார்கள். அந்தப் பென்சில் பிடித்தவர்கள் யார் யார் என்று எந்த உறையிலும் இல்லை. இன்று நாம் 'லூப்' என்று ஒரு பொத்தானை அழுத்துகிறோமே, அது அவர்கள் நின்ற இடம்.

அதே வருடம் ஆகஸ்ட் 29 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் பீட்டில்ஸ் கடைசியாக டிக்கெட் போட்டு ஒரு கச்சேரி செய்தார்கள். ரசிகர்களின் கூச்சலில் தாங்கள் வாசிப்பது தங்களுக்கே கேட்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த காரணம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்த ஏப்ரல் பதிவு இடம்பெற்ற 'ரிவால்வர்' ஆல்பம் அந்த மாதம்தான் வெளிவந்திருந்தது. அந்தச் சுற்றுப்பயணத்தில் அதிலிருந்து ஒரு பாட்டைக்கூட அவர்கள் வாசிக்கவில்லை. அதில் பல பாட்டுகளை மேடையில் வாசிக்கவே முடியாது. தட்டு அசலாகிவிட்டது. கச்சேரி அதைப் போலி செய்ய வேண்டிய நிலைக்கு வந்துவிட்டது. இன்றைய பெரிய மேடைகளில் பாதிச் சத்தம் முன்கூட்டியே பதிவு செய்த ட்ராக்கிலிருந்து வருகிறதென்றால், அதன் ஊற்றுக்கண் இந்த வருடம்தான்.

அந்த வருடக் கடைசியில் இன்னொன்று நடந்தது. 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்' பாட்டை இரண்டு விதமாகப் பதிந்து வைத்திருந்தார்கள். முதல் பாதி ஒன்றிலும் பின்பாதி மற்றொன்றிலும் நன்றாக இருக்கிறது, சேர்த்துவிடுங்களேன் என்றார் லென்னன். வேகமும் வேறு, சுருதியும் வேறு என்றார் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். நீங்கள் சரி செய்துவிடுவீர்கள் என்று சொல்லிவிட்டு லென்னன் போய்விட்டார். டேப்பின் வேகத்தை மாற்றினால் சுருதியும் கூடவே மாறும் அல்லவா? ஒன்றைக் கொஞ்சம் ஏற்றி, இன்னொன்றைக் கொஞ்சம் இறக்கி, பிளேடால் வெட்டி ஒட்டினார்கள். பாட்டு தொடங்கி ஒரு நிமிடம் ஆகும்போது அந்த ஒட்டு வருகிறது. நான் சொல்லிவிட்டதால் இனி உங்களுக்குக் கேட்கும். மன்னித்துக்கொள்ளுங்கள்.

அட்லாண்டிக்கைத் தாண்டுவோம். பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சன் 1964 இறுதியில் ஊர் ஊராகப் போவதை நிறுத்திவிட்டார். தம்பிகள் குழுவோடு கச்சேரிக்குப் போக, இவர் லாஸ் ஏஞ்சல்ஸில் உட்கார்ந்து 1966இல் வந்த 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்தைக் கட்டினார். உறையில் ஆடுகளுக்குத் தீனி கொடுக்கும் பீச் பாய்ஸ் இருக்கிறார்கள். உள்ளே பெரும்பாலும் வாசித்தவர்கள் கூலிக்கு வந்த ஸ்டுடியோ வாத்தியக்காரர்கள். டிரம்ஸில் ஹால் பிளெய்ன், பேஸ் கிட்டாரில் கரோல் கேய். காலையில் ஒரு விளம்பரம், மதியம் ஒரு பாப் பாட்டு, மாலையில் ஒரு படம் என்று ஓடிக்கொண்டிருந்தவர்கள். ஒரு பாட்டுக்குக் காலித் தண்ணீர் ஜாடியைக் கவிழ்த்துத் தட்டினார் பிளெய்ன். அதுவும் அந்த ஆல்பத்தில் இருக்கிறது. இதையெல்லாம் மனசுக்குள் அடுக்கிக் கேட்ட வில்சனுக்கு வலது காது ஏறக்குறைய கேட்காது.

அப்புறம் டெட்ராய்ட். நான் அதிக நேரம் நிற்க ஆசைப்படும் இடம் இது. பெர்ரி கார்டி என்பவர் அங்கே கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1959இல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி இசைத்தட்டு நிறுவனம் ஆரம்பித்தார். ஒரு சாதாரண வீட்டை வாங்கி வாசலில் 'ஹிட்ஸ்வில்' என்று எழுதி வைத்தார். மோட்டவுன் பிறந்தது அங்கேதான். கார் பாகம் பாகமாக நகர்ந்து வருவதைப் பார்த்த மனிதர், பாட்டையும் அப்படியே செய்தார். எழுத ஒரு கூட்டம், வாசிக்க ஒரு கூட்டம், பாட ஒரு கூட்டம். வெளியே அனுப்புவதற்கு முன்னால் தரம் பார்க்க வாராவாரம் கூட்டம் வேறு. சுப்ரீம்ஸ், டெம்ப்டேஷன்ஸ், மார்வின் கே, ஸ்டீவி வொண்டர் என்று பாடகர்கள் மாறினாலும் பின்னால் இருந்தது ஒரே வாத்தியக் கூட்டம். ஃபங்க் பிரதர்ஸ் என்று தங்களை அழைத்துக்கொண்டார்கள்.

அதில் பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். வலது கையில் ஒரே ஒரு விரலால் மீட்டுவார். அதற்கு முன் பாப் பாட்டில் பேஸ் வேலை எளிது: ஸ்வரக்கூட்டின் அடி ஸ்வரத்தைத் தாளத்தோடு தட்டிக்கொண்டிருந்தால் போதும். ஜேமர்சன் பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் நுழைவார், தாளத்தைத் தள்ளிப் பிடிப்பார், கீழேயே இன்னொரு மெட்டுப் பாடிவிட்டு ஒன்றும் தெரியாதவர் போலத் திரும்பி வருவார். இன்றிரவு ஏதாவது ஒரு மோட்டவுன் பாட்டைப் போட்டு, பாடுபவரை மறந்துவிட்டு அடியில் ஓடுவதை மட்டும் கேட்டுப் பாருங்கள். நீங்கள் இத்தனை நாள் முணுமுணுத்தது எந்த மெட்டு என்று சந்தேகம் வந்துவிடும். தன் வாசிப்புக்கு வழிகாட்டி என்று மெக்கார்ட்னி சொன்ன பெயர்களில் ஜேமர்சனும் ஒருவர்.

அந்தக் கூட்டத்தாரின் பெயர்கள் மோட்டவுன் உறையில் முறையாக இடம்பெற்றது 1971இல், மார்வின் கேயின் ஆல்பத்தில். அறுபதுகள் முடிந்துவிட்டிருந்தன. ஜேமர்சன் 1983இல், 47 வயதில் இறந்தார். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் பின்வாத்தியக்காரர்களுக்கு என்று தனி இடம் உருவானதே 2000இல்தான். ஜேமர்சனும் ஹால் பிளெய்னும் அந்த முதல் வரிசையில் சேர்க்கப்பட்டார்கள்.

கோளாறுகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ், ஆம்ப்ளிஃபையர் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைச் சவர பிளேடால் கிழித்தார். வந்த கரகரப்பு ராக் கிட்டாரின் தாய்மொழியாகிவிட்டது. மறு வருடம் பாப் டிலன் ஒலிப்பதிவுக்கு வேடிக்கை பார்க்க வந்தவர் அல் கூப்பர். வயது இருபத்தொன்று, தெரிந்த வாத்தியம் கிட்டார். ஆர்கன் முன்னால் காலி இடம் இருந்ததும் போய் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் எந்த ஸ்வரத்துக்குப் போகிறார்கள் என்று காதில் வாங்கிய பிறகே விரலை வைத்தார். அதனால் ஆர்கன் ஒரு நூல் பிந்தியே வருகிறது. திரும்பப் போட்டுக் கேட்டபோது டிலன் ஆர்கன் சத்தத்தைக் கூட்டச் சொன்னார். அவன் ஆர்கன் வாசிப்பவனே இல்லை என்றார்கள். அது எனக்கு வேண்டாம், சத்தத்தைக் கூட்டு என்றார். 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' இன்றைக்கும் அந்தப் பிந்தலோடுதான் ஓடுகிறது.

பெயர் இல்லாமை தனியார் கம்பெனிகளின் வழக்கம் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். 1963இல் பிபிசி 'டாக்டர் ஹூ' தொடருக்கு முகப்பு இசை வேண்டியிருந்தது. ரான் கிரைனர் மெட்டைத் தாளில் எழுதிக் கொடுத்தார். அதை ஒலியாக்கியவர் டெலியா டெர்பிஷயர், கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்த பெண். சிந்தசைசர் இல்லை. ஒரு கம்பியை மீட்டியும், மின்சாரத்தால் ஒலி எழுப்பும் ஆய்வுக்கூட ஆசிலேட்டரைத் திருகியும் வந்த ஒலிகளை ஒவ்வொரு ஸ்வரமாகப் பதிந்து, தேவையான நீளத்துக்கு டேப்பை வெட்டி ஒட்டினார். முடிந்ததைக் கேட்ட கிரைனர், இதை நானா எழுதினேன் என்று கேட்டாராம். பெரும்பாலும் நீங்கள்தான் என்றார் டெலியா. உரிமைத்தொகையில் அவருக்குப் பங்கு தரக் கிரைனர் முயன்றார். ஊழியர் பெயரை வெளியிடுவதில்லை என்பது பிபிசியின் நடைமுறை, நடக்கவில்லை. அந்தத் தொடரின் திரையில் அவர் பெயர் வந்தது 2013இல். அவர் 2001இலேயே இறந்துவிட்டார். மின்னணு நடன இசை செய்பவர்கள் இன்று அவரைப் பாட்டி ஸ்தானத்தில் வைத்துப் பேசுகிறார்கள்.

ஒரு சின்ன விதிவிலக்கும் உண்டு. 'ரிவால்வர்' உறையில் அனில் பகவத், தபலா என்று அச்சாகியிருக்கும். அடுத்த வருடம் வந்த ஆல்பத்தில் பீட்டில்ஸில் ஒருவரான ஜார்ஜ் ஹாரிசனின் பாட்டுக்குத் தில்ரூபாவும் தபலாவும் தம்புராவும் வாசித்த இந்தியக் கலைஞர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

கடைசியாக ஒரு பாட்டு. 1969இல் வாஷிங்டனைச் சேர்ந்த வின்ஸ்டன்ஸ் என்ற குழு ஒரு தட்டு வெளியிட்டது. மேல் பக்கப் பாட்டுக்கு கிராமி விருது கிடைத்தது. பின்பக்கத்தில் 'ஆமென், பிரதர்' என்று பாடலில்லாத வாத்திய இசை. நடுவில் எல்லோரும் நிறுத்திக்கொள்ள, கிரெகரி கோல்மன் மட்டும் நான்கு பார், அதாவது நான்கு தாளச் சுற்று, டிரம்ஸ் வாசிப்பார். ஏழு விநாடி இருக்கலாம். பதினைந்து வருடம் அதை யாரும் சீண்டவில்லை. எண்பதுகளில், பதிவான ஒலியைத் துண்டாக எடுத்துத் திரும்ப வாசிக்கும் சாம்ப்ளர் இயந்திரம் வந்ததும் ஹிப் ஹாப்காரர்கள் அந்த நான்கு பாரை வெட்டி எடுத்தார்கள். தொண்ணூறுகளில் லண்டன் இளைஞர்கள் அதன் வேகத்தைக் கூட்டி, துண்டாக்கி, மாற்றி அடுக்கி ஜங்கிள் என்று ஓர் இசை வகையையே நிறுத்தினார்கள். ஆயிரக்கணக்கான பாட்டுகளில் அந்தக் கை இருக்கிறது. விளம்பரத்தில், கார்ட்டூனில், விளையாட்டில் எங்கேயாவது நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

காசு? பாட்டின் உரிமை மெட்டும் வரியும் எழுதியவருக்கு. பதிவின் உரிமை அதை வைத்திருப்பவருக்கு. டிரம்ஸ்காரருக்கு அன்றைய சம்பளம். சட்டத்தின் கணக்கில் தாளம் மெட்டு ஆகாது. அந்த நான்கு பாரை மற்றவர்கள் வெட்டி எடுத்துப் பயன்படுத்தும் விஷயம் வின்ஸ்டன்ஸ் குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கே 1996இல்தான் தெரிய வந்தது. 2015இல் பிரிட்டிஷ் டிஜேக்கள் சிலர் இணையத்தில் உண்டியல் வைத்து ஏறக்குறைய 24,000 பவுண்டு சேர்த்து அவருக்குக் கொடுத்தார்கள். கோல்மன் வீடில்லாமல் அட்லாண்டாவில் இறந்து அப்போது ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

அந்த நான்கு பாரை இங்கே போட்டுக் காட்ட ஏற்பாடு செய்திருக்கிறேன். ஏழு விநாடிதான், அதற்குள் யாரும் இருமிவிட வேண்டாம். தம்பி, போடுங்க.