பந்து என்று நினைத்துக் கையில் எடுக்கும் குண்டு

நண்பர்களே, விமானத்திலிருந்து போடும் குண்டு என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, பின்னால் இறக்கை வைத்த ஒரு பெரிய இரும்பு உருளைதான். அதுவும் உண்டு, சொல்கிறேன். ஆனால் நான் இன்று அதிகம் பேசப்போவது உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு குண்டைப் பற்றி, ஏனென்றால் லாவோஸில் போர் முடிந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகும் வயலில் வேலை செய்பவர்களையும் விளையாடப் போன பிள்ளைகளையும் கொல்வது அதுதான்.

1964 முதல் 1973 வரை அமெரிக்கா அந்தச் சின்ன நாட்டின்மேல் 20 லட்சம் டன்னுக்கும் அதிகமாகக் குண்டு போட்டது. வியட்நாம் போர்க் காலம் அது. தெற்கே, வட வியட்நாம் ஆளும் ஆயுதமும் அனுப்பிய ஹோ சி மின் பாதையை அறுக்க வேண்டும், வடக்கே பாத்தெட் லாவோ என்ற லாவோஸ் கம்யூனிஸ்ட் படையை ஒடுக்க வேண்டும், அதற்காக. வானிலேயே ஓடு பிளந்து நூற்றுக்கணக்கான சிறுகுண்டுகளைக் கொட்டும் கொத்துக் குண்டுகளிலிருந்து சிதறியவை மட்டும் 27 கோடி என்கிறது கணக்கு, அதில் 8 கோடி வரை வெடிக்காமல் மண்ணில் தங்கிவிட்டன.

சரி, பெரியதை முதலில் முடித்துவிடுவோம். எம்.கே-82 என்பது 500 பவுண்டு, ஏறக்குறைய 227 கிலோ, மூக்கு ஒடுங்கிய நீள உடல். எம்-117 இன்னும் பருமன், 750 பவுண்டு. விழுந்த வேகத்தில் இவை ஆழமாகப் புதைந்துவிடும், வால் பெரும்பாலும் முறிந்திருக்கும், அதனால் சாலைக்கோ வீட்டுக்கோ தோண்டும்போது துருப்பிடித்த வெறும் உருளையாகத்தான் கண்ணில் படும். ஆனாலும் ஆள் உயர இரும்பைப் பார்த்தால் யாரும் தானாகவே பின்வாங்குவார்கள்.

சிறியதைப் பார்த்தால் யாரும் பயப்படுவதில்லை, அங்கேதான் பிரச்சினை. லாவோ மக்கள் 'பொம்பி' என்று சொல்லும் இந்த வகையில் அதிகம் கிடைப்பது பி.எல்.யூ-26. டென்னிஸ் பந்து அளவு, உருண்டை, ஓட்டுக்குள் நூற்றுக்கணக்கான எஃகு மணிகள், மேலே நான்கு மேடான வரிகள். அந்த வரிகள் காற்றில் அதைச் சுழல வைக்கும், சுழன்றால்தான் உள்ளே இருக்கும் வெடிமுனை தயாராகும். தயாரான பிறகு சேற்று வயலிலோ மரக்கிளையிலோ மெத்தென்று விழுந்து வெடிக்காமல் போனது இன்னும் தயாராகவேதான் கிடக்கிறது. லாவோஸில் பெத்தாங்க் என்ற உலோகப் பந்து விளையாட்டு தெருவுக்குத் தெரு உண்டு, அந்தப் பந்தும் கிட்டத்தட்ட இதே அளவு, இதே உருண்டை. எட்டு வயதுப் பையனை எப்படிக் குறை சொல்வது?

இன்னொன்று பி.எல்.யூ-3, அன்னாசி என்று பெயர் வாங்கியது. மஞ்சள் பூசிய குட்டை உருளை, மேலே இதழ்போல விரியும் தகடுகள். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், இத்தனை ஆண்டு மழையில் பூச்சு போய், துருவும் மண்ணும்தான் மிஞ்சியிருக்கும்.

அப்புறம், ஓடு. கொத்துக் குண்டின் வெளி ஓடு நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளக்கும். சியாங்குவாங் மாகாணத்தில் அதைத் தூணாக நட்டு வீடு கட்டியிருக்கிறார்கள், மண் நிரப்பி வெங்காயத்தாள் வளர்க்கிறார்கள். வீட்டில் இருப்பது வெற்று ஓடு. ஆனால் காட்டில் அப்படி ஒன்று கிடந்தால், அதன் வயிற்றிலிருந்து கொட்டிய நூற்றுக்கணக்கான சிறுகுண்டுகளில் சில அந்தப் பகுதியில் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். வந்த தடத்திலேயே திரும்ப வேண்டும்.

வடிவம் தெரிந்துகொள்வது தள்ளி நிற்பதற்கு மட்டும்தான். தொடக்கூடாது, கல் எறியக்கூடாது, அந்த மண்ணில் அடுப்பு மூட்டக்கூடாது, ஏனென்றால் சூட்டில் அடியில் இருப்பது வெடித்து, சமைத்துக்கொண்டிருந்தவர்கள் இறந்திருக்கிறார்கள். ஊர்த்தலைவரிடம் சொன்னால் வெடிக்காத குண்டுகளை அகற்ற 1996 முதல் இயங்கும் யூ.எக்ஸ்.ஓ. லாவோ அமைப்பின் ஆட்கள் வந்து இருந்த இடத்திலேயே அழிப்பார்கள்.

கொத்துக் குண்டுகளைத் தடை செய்யும் உடன்படிக்கை 2008இல் ஆஸ்லோவில் கையெழுத்தானது, 2010இல் நடைமுறைக்கு வந்தது. உறுப்பு நாடுகளின் முதல் கூட்டம் நடந்த இடம் லாவோஸின் தலைநகர் வியன்டியான். இலங்கை 2018இல் சேர்ந்துவிட்டது. இந்தியா இன்னும் சேரவில்லை. சேர வேண்டும் என்று உங்கள் தொகுதி எம்.பி.யிடம் எழுதிக் கேளுங்கள், நானும் எழுதுகிறேன்.