ஹி-க்கு முன்னால் ஓர் எஸ்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஆங்கிலத்தில் எழுதிய சட்டங்களில் வரும் ‘ஹி’ என்ற ஆண்பால் சொல் பெண்ணையும் சேர்த்துக்கொண்டதா, ஒதுக்கியதா? ஒதுக்கியது என்பது எங்கள் அணி.

“ஷி-க்குள்ளேயே ஹி இருக்கிறதே, எஸ் என்ற ஓர் எழுத்துக்கா இத்தனை சண்டை?” என்று எதிரணி அண்ணன் கேட்டார். கைதட்டினீர்கள். அந்த எழுத்தின் கதையைக் கேளுங்கள்.

1872 நவம்பர் 5. அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரம். பெண்களின் ஓட்டுரிமைக்குப் போராடிய சூசன் பி. அந்தோணி, வயது 52, ஓட்டுப் போட்டார். உரிமையில்லாமல் போட்டதாக வழக்கு. பிடியாணை, பிணைப் பத்திரம், ஆட்கொணர்வு மனு, குற்றப்பத்திரிகை. ஒன்றில்கூடப் பெண்பால் சொல் அச்சில் இல்லை!

நீதிமன்ற எழுத்தர் என்ன செய்தார்? ஹி-க்கு இடப்பக்கம் கூரைபோல ஒரு சின்னக் குறி. அதன் மேலே ஓர் எஸ். ஹி, ஷி ஆகிவிட்டது! ஹிஸ் வந்தால்? ஐ, எஸ் இரண்டையும் அடி. கீழே குறி, மேலே ஈ, ஆர். ஹிஸ், ஹெர் ஆகிவிட்டது! அண்ணே, நீங்கள் அற்பம் என்ற அதே எழுத்துதான். கைது செய்ய வேண்டுமென்றால் பேனா முனையில் வந்து உட்கார்கிறது. ஓட்டுச்சீட்டு கேட்டால் மட்டும் மை வற்றிவிடுகிறதா?

அந்தோணி அம்மையாரும் இதைத்தான் மேடையில் கேட்டார். வரி போட, சிறையில் தள்ள, தூக்கிலிட நீங்கள் சொல்லைத் திருத்தலாம் என்றால், ஓட்டுக்காக நாங்களும் திருத்துவோம் என்றார்.

ஆண்பால் சொல் பெண்ணுக்கும் பொருந்தலாம் என்று 1871-லேயே அமெரிக்கச் சட்டம் சொன்னது. நம் 1860 தண்டனைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவும் ஹி என்றால் ஆணோ பெண்ணோ எவரும் என்றது. தண்டனைக்குச் சேர்த்துக்கொள்வது சேர்ப்பா ஐயா?

கப்பலை ஷி என்கிறார்களே என்றீர்கள். லாயிட்ஸ் லிஸ்ட் என்ற கப்பல் செய்திப் பத்திரிகை 2002-இல் அதையும் விட்டுவிட்டு ‘இட்’ என்று மாறிவிட்டது.

1873 ஜூனில் தீர்ப்பு. ஜூரி எனும் நடுவர் குழுவைக் கலந்துபேசவே விடாமல் நீதிபதி குற்றவாளி என்றார். அபராதம் 100 டாலர். ஒரு டாலர்கூடக் கட்டமாட்டேன் என்றார் அம்மையார். கடைசிவரை கட்டவில்லை. 1906-இல் இறந்தார். பெண்ணுக்கு ஓட்டுரிமை தந்த 19-ஆம் திருத்தம் வந்தது 1920-இல். அதைப் படித்துப் பாருங்கள்: ஹி-யும் இல்லை, ஷி-யும் இல்லை. ‘குடிமக்கள்’ என்றே இருக்கிறது.

அந்தத் தாய் அதைப் பார்க்கவில்லை, நடுவர் அவர்களே. 2016 தேர்தல் நாளில் ராச்செஸ்டர் பெண்கள் அவர் கல்லறைமுன் வரிசையில் நின்றார்கள். ‘நான் ஓட்டுப் போட்டேன்’ என்ற ஒட்டுத்தாளைச் சட்டையிலிருந்து உரித்து, ஒவ்வொருவராக அந்தக் கல்லில் ஒட்டினார்கள்.

நன்றி, வணக்கம்.