ஒரே பாஸ்போர்ட், இரண்டு வாக்குச்சாவடி

அன்பர்களே, 2024 மக்களவைத் தேர்தலில் வெளிநாடுவாழ் இந்திய வாக்காளர்களாகப் பெயர் பதிந்திருந்தவர்கள் 1,19,374 பேர். வந்து ஓட்டுப் போட்டவர்கள் வெறும் 2,958 பேர். அதிலும் 2,670 பேர் கேரளத்துக்காரர்கள்.

இதற்குச் சோம்பலைக் காரணம் சொல்லக்கூடாது. 2011இல் இந்த உரிமையைக் கொடுத்த சட்டமே, நேரில் வந்தால்தான் ஓட்டு என்கிறது. துபாயில் கட்டட வேலை செய்பவர் ஒரு நாள் ஓட்டுக்காக லீவுக்கும் டிக்கெட்டுக்கும் எங்கே போவார்? பதிலாள் மூலம் ஓட்டளிக்க வழிசெய்த மசோதா 2018இல் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையைத் தாண்டாமல் 2019இல் காலாவதியானது. படைவீரர்களுக்கு அந்த வசதி 2003 முதலே இருக்கிறது. தொழிலாளிக்கு மட்டும் ஏன் கூடாது என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

அதுவரை, பெயரையாவது பதிந்து வையுங்கள். ஊருக்கு வரும் நாள் தேர்தலோடு ஒத்துவரலாம். படிவம் 6ஏ, தேர்தல் ஆணைய இணையதளத்திலேயே நிரப்பலாம். புகைப்படம், பாஸ்போர்ட்டில் உங்கள் படமும் இந்திய முகவரியும் உள்ள பக்கங்கள், நடப்பு விசா ஆகியவற்றின் நகல்கள் வேண்டும். பாஸ்போர்ட்டில் எந்த ஊரோ அந்தத் தொகுதியில்தான் பெயர் ஏறும்.

பலருக்கு இடிப்பது அடுத்த கட்டம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு விசாரிக்க வருவார். யாரோ என்னவோ என்று பயந்து அம்மா கதவைச் சாத்திவிட்டால், காகிதங்கள் தூதரகத்துக்குப் போய்ச் சரிபார்த்து வர நாளாகும். முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். பழைய பட்டியலில் பெயர் இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். இந்தியாவில் இரண்டு இடத்தில் பெயர் இருக்கக்கூடாது. புது வாக்காளர் அட்டை தரமாட்டார்கள். சாவடியில் அசல் பாஸ்போர்ட்டைத்தான் காட்டவேண்டும். பட்டியலில் உங்கள் வாக்குச்சாவடிக்கான பாகத்தின் கடைசியில், வெளிநாடுவாழ் வாக்காளர் பகுதியில் பெயரைத் தேடுங்கள். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவருக்கு இந்த ஓட்டு இல்லை; இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டுக் குடிமக்களுக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் இல்லை.

வாழும் நாட்டையும் விட்டுவிடாதீர்கள். வளைகுடாவில் அந்த வாய்ப்பு இல்லை, பிரிட்டனில் உண்டு. காமன்வெல்த் நாட்டவர் என்பதால், அங்கே தங்க அனுமதி பெற்ற இந்தியரும் இலங்கையரும், மாணவர் விசாவில் இருப்பவர்கூட, 18 வயது நிரம்பியிருந்தால் நாடாளுமன்றத் தேர்தலிலேயே வாக்களிக்கலாம். இது தெரியாமலே ஆண்டுக்கணக்கில் இருந்துவிடுகிறவர்கள் நிறைய. வாக்குப்பதிவுக்கு 12 வேலை நாள் முன்பே ஆன்லைனில் பதிந்துவிடவேண்டும். நேரில் போகமுடியாதவர் தபால் ஓட்டு கேட்கலாம், பதிலாளையும் நியமிக்கலாம். நேரில் போகிறவர் படமுள்ள அடையாள ஆவணம் காட்டவேண்டும். அதற்கு உங்கள் இந்திய பாஸ்போர்ட்டே செல்லும்.