தூரம் ஒன்று, நேரம் இரண்டு

நேயர்களுக்கு வணக்கம்.

லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையம் ஏறத்தாழ 5,540 கிலோமீட்டர். உருண்டையான பூமியின் மேல் அந்த இரண்டு இடங்களையும் இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளம் இது. தட்டையான வரைபடத்தில் பார்த்தால் அந்தக் கோடு வடக்கே வளைந்து, சுற்றிப் போவது போலத் தெரியும். உண்மையில் அதுதான் நேர்வழி.

பெரிய ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் போகும். வகுத்துப் பார்த்தால் ஆறு மணி பத்து நிமிடம். ஆனால் அட்டவணையில் நியூயார்க் போக எட்டு மணி நேரத்தை ஒட்டியும், லண்டன் திரும்ப ஏழு மணி நேரத்தை ஒட்டியும் போட்டிருப்பார்கள். அதே தூரத்துக்கு ஏன் இரண்டு நேரம்?

முக்கியக் காரணம் காற்று. பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் காற்றோட்டம் பாய்கிறது. குளிர்காலத்தில் அதன் வலு கூடும். 2020 பிப்ரவரியில், புயல் வீசிய சமயம், பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது.

போகும்போது இழந்ததை வரும்போது பிடித்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. மணிக்கு 150 கிலோமீட்டர் காற்று என்று வைத்துக்கொள்வோம். எதிர்த்துப் போக 7 மணி 23 நிமிடம், காற்றோடு வர 5 மணி 17 நிமிடம், ஆக மொத்தம் 12 மணி 40 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 12 மணி 19 நிமிடம்தான். எதிர்க்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம் அல்லவா, அதனால் வரும் நஷ்டம் இது. இந்தக் கணக்கை எத்தனை தடவை போட்டாலும் எனக்கு அலுப்பதில்லை. அதனால்தான் அட்லாண்டிக் மேலே பறக்கும் பாதைகளை, காற்றைப் பார்த்துத் தினந்தோறும் மாற்றி வகுக்கிறார்கள்.

சரி, காற்றை விட்டுவிடுவோம். அட்டவணை நேரம் வெறும் பறக்கும் நேரம் அல்ல. விமானம் நின்ற இடத்திலிருந்து நகரும் நொடியில் தொடங்கி, போய்ச் சேர்ந்து நிற்கும் வரை கணக்கு. ஆம்ஸ்டர்டாமில் போல்டர்பான் என்ற ஓடுபாதையில் இறங்கினால், அங்கிருந்து முனையத்துக்கு ஊர்ந்து வரவே கால் மணி நேரம் ஆகலாம்.

அப்புறம் அரசியல். 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும், ஒன்பதரை மணி நேரத்தில் முடிந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் ஃபின்ஏர் விமானங்களுக்குச் சுமார் பதின்மூன்று மணி நேரமாக நீண்டது. ஊர்கள் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன.

பயணச்சீட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம் என்பதையும் மறக்க வேண்டாம். நியூயார்க்கில் இரவு 7 மணிக்குக் கிளம்பி மறுநாள் காலை 7 மணிக்கு லண்டன் என்றிருந்தால் பன்னிரண்டு மணி நேரப் பயணம் என்று பயந்துவிடாதீர்கள். லண்டன் கடிகாரம் ஐந்து மணி நேரம் முன்னே இருக்கிறது; அந்த ஐந்தைக் கழித்தால் ஏழு மணி நேரம். குறிப்பாக மார்ச்சில் கவனம் தேவை. அமெரிக்கா இரண்டாவது ஞாயிறன்றும், பிரிட்டன் கடைசி ஞாயிறன்றும் கடிகாரத்தை முன்னே தள்ளுகின்றன. நடுவில் உள்ள நாட்களில் நான்கைத்தான் கழிக்க வேண்டும்.