லீச் சீட்: அந்தச் சின்ன விதையை அழித்துவிடாதீர்கள்

வணக்கம் மக்களே. இன்றைக்குப் போகிமான் வீடியோ கேமில் வருகிற ஒரே ஒரு மூவ், அதாவது சண்டையில் ஒரு போகிமான் போடுகிற வித்தை, அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். லீச் சீட். போகிமானில் எனக்கு ரொம்பப் பிடித்த மூவ் எது என்று யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். ஹைப்பர் பீம், ஃபயர் ப்ளாஸ்ட் எல்லாம் சொல்லாமல் ஒரு விதையைச் சொல்கிறானே என்று பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

முதலில் பழைய ரெட், ப்ளூ கேமுக்குப் போவோம். புல்பசார் என்கிற புல் வகை போகிமானை எடுத்துக்கொண்டு கிளம்புகிறீர்கள். கையில் இருப்பது டாக்கிள், க்ரௌல் என்று இரண்டு மூவ், அவ்வளவுதான். 7-ஆவது லெவலில் லீச் சீட் வரும். புல் வகை அடியான வைன் விப் வர 13-ஆவது லெவல் ஆகிவிடும். இதற்கு நடுவில் பொறுமை இல்லாமல், முதல் பெரிய எதிராளியான ப்ராக்கின் ஜிம்முக்குள் போய்விட்டால் என்ன ஆகும்? நான் அப்படித்தான் போனேன், லெவல் 10 புல்பசாரோடு. அங்கே 14-ஆவது லெவல் ஓனிக்ஸ், ஒரு பாறைப் பாம்பு, நிற்கிறது. ஓனிக்ஸின் அடிப்படை டிஃபென்ஸ், அதாவது அடி தாங்கும் பலம், 160. டாக்கிள் அடித்தால் சுவரில் தலையால் முட்டுகிற மாதிரி, உயிரைக் காட்டுகிற பச்சைக் கோடு அசையவே அசையாது. ஆனால் அதே ஓனிக்ஸின் அடிப்படை எச்பி, அதாவது உயிர், வெறும் 35. லீச் சீட் டிஃபென்ஸைப் பார்ப்பதே இல்லை, நேராக எச்பியில்தான் கை வைக்கும். விதையைப் போட்டேன், ஒவ்வொரு டர்ன் முடியும்போதும் அவன் கோடு கொஞ்சம் குறைகிறது, என் கோடு கொஞ்சம் ஏறுகிறது. அந்த ஏறுகிற கோட்டைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகத்தான் இந்த வீடியோவே.

சரி, இது எப்படி வேலை செய்கிறது? புல் வகை மூவ், அக்யூரசி 90, அதாவது நூற்றுக்குத் தொண்ணூறு தடவை படும், பிபி 10, அதாவது பத்துத் தடவை போடலாம். ஒரு தடவை பட்டுவிட்டால் போதும், ஒவ்வொரு டர்ன் கடைசியிலும் எதிரியின் முழு எச்பியில் எட்டில் ஒரு பங்கை உறிஞ்சி நமக்குக் கொடுக்கும். ரெட், ப்ளூ காலத்து முதல் தலைமுறை கேம்களில் பதினாறில் ஒரு பங்குதான், இரண்டாம் தலைமுறையிலிருந்து எட்டில் ஒன்று. விதைத்த போகிமானை நீங்கள் உள்ளே கூப்பிட்டுக்கொண்டு வேறு ஒன்றை அனுப்பினாலும் உறிஞ்சல் நிற்காது, அந்த இடத்தில் யார் நிற்கிறார்களோ அவர்களுக்கு அந்த எச்பி போகும். இது எவ்வளவு அழகான விஷயம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். புல்பசாரின் வளர்ந்த உருவமான வீனசார் விதைத்துவிட்டுப் போகும், பின்னால் அடிபட்டு வந்து நிற்கிற கூட்டாளி அதைச் சாப்பிடும்.

இப்போது பெயருக்கு வருகிறேன், இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் இந்த மூவ் எனக்கு இன்னும் நெருக்கமானது. ஆங்கிலத்தில் லீச் என்றால் அட்டை. ஆனால் 1996-இல் ஜப்பானில் வந்த முதல் கேமில் இதன் பெயர் யாடோரிகி நோ தானே. தானே என்றால் விதை. யாடோரிகி என்றால் நம்ம ஊர் புல்லுருவியின் சொந்தக்காரச் செடி! மாமரத்தில், வேப்ப மரத்தில் கிளை நடுவே வேறு இலையோடு ஒரு கொத்து தனியாக முளைத்து நிற்குமே, அந்தக் குடும்பம். அதன் பழத்தைக் குருவி தின்னும், உள்ளே இருக்கிற விதை பசை மாதிரி ஒட்டும், குருவி எச்சம் போடும்போதோ அலகைக் கிளையில் தேய்க்கும்போதோ அந்த விதை மரத்தில் ஒட்டிக்கொள்ளும். அங்கேயே முளைத்து, பட்டைக்குள் இறங்கி, மரத்தின் தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சும். விதை வந்து ஒட்டுவது, பிடித்துக்கொள்வது, நிதானமாக உறிஞ்சுவது, மூன்றுமே கேமில் அப்படியே இருக்கிறது. இதை வடிவமைத்தவர்கள் செடியைக் கவனித்துப் பார்த்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் தலைகீழ்: நிஜப் புல்லுருவி செடிகளைத்தான் பிடிக்கும், கேமில் புல் வகை போகிமான் மேல் லீச் சீட் பலிக்கவே பலிக்காது.

முதல் தலைமுறையில் ஒரு பிழை உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. டாக்ஸிக் மூவ் ஒவ்வொரு டர்னும் விஷத்தை ஏற்றிக்கொண்டே போகும் இல்லையா, அதற்கு உள்ளே ஒரு கணக்கு எண் ஓடும். அந்த எண்ணை லீச் சீட்டும் பகிர்ந்துகொண்டது. அதாவது இரண்டையும் சேர்த்துப் போட்டால் உறிஞ்சலும் டர்னுக்கு டர்ன் பெருகும், பெருகுவது முழுக்க நமக்கு எச்பியாக வரும். இரண்டாம் தலைமுறையில் சரி செய்துவிட்டார்கள்.

அப்புறம், என்னுடைய ஃபேவரைட் கணக்கு. கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். லீச் சீட் எடுப்பது எதிரியின் எச்பியில் எட்டில் ஒன்று, நம் எச்பியில் இல்லை. எதிரி எவ்வளவு பெரிய உடம்போ நமக்கு அவ்வளவு சாப்பாடு. ப்ளிஸ்ஸி என்கிற போகிமானை எடுத்துக்கொள்ளுங்கள். லெவல் 100-இல் அதன் எச்பி அதிகபட்சம் 714 வரை போகும். எட்டில் ஒன்று, 89. அதன் மேல் விதை போட்டிருக்கிற நம் போகிமான் ஜம்ப்லஃபின் அதிகபட்ச எச்பி 354. சப்ஸ்டிட்யூட் என்பது தன் எச்பியைக் கொடுத்துத் தனக்கு முன்னால் ஒரு பொம்மையை நிறுத்தும் மூவ்; ஜம்ப்லஃப் அதைப் போட ஆகும் செலவு நாலில் ஒன்று, 88. செலவு 88, வரவு 89! ஜம்ப்லஃப் வேகமானது, முதலில் பொம்மையை நிறுத்தும். ப்ளிஸ்ஸி சீஸ்மிக் டாஸ் என்கிற அடியைப் போட்டு அந்தப் பொம்மையை உடைக்கும். டர்ன் முடிவில் 89 திரும்பி வரும். மறுபடி பொம்மை. ப்ளிஸ்ஸியின் கை ஜம்ப்லஃபின் உடம்பில் படவே படாது. இந்தக் கணக்கை நான் முதல் தடவை பேப்பரில் போட்டுப் பார்த்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

தப்பிக்க வழி இல்லையா என்றால், இருக்கிறது. போகிமானை மாற்றினால் விதை போய்விடும். ஆனால் மாறி வருகிறவன் நாம் முன்பே ஸ்பைக்ஸ் மூவால் தரையில் போட்டு வைத்த முட்களை மிதித்துத்தான் வரவேண்டும், அதனால் மாற வைப்பதே பாதி வெற்றி. சுழன்று அடிக்கிற ராபிட் ஸ்பின் மூவைப் போட்டால் விதை கழன்றுவிடும். எதிரி ஏற்கெனவே சப்ஸ்டிட்யூட்டுக்குப் பின்னால் நின்றால் விதை ஒட்டாது. சாப் சிப்பர் என்கிற எபிலிட்டி, அதாவது போகிமானுக்கு இயல்பாகவே உள்ள குணம், இருந்தால் விதை பலிக்காது, அவனுடைய அட்டாக்தான் ஏறும். கடல் வழியில் டென்டாகூல் என்கிற போகிமானிடம் மட்டும் ஜாக்கிரதை, லிக்விட் ஊஸ் எபிலிட்டி இருந்தால் உறிஞ்சுகிற எச்பி நமக்கு ஏறாது, அதே அளவு நம்மிடமிருந்து குறையும். என் ஐவிசார், அதாவது புல்பசாரின் அடுத்த உருவம், அப்படித்தான் விழுந்தது, ஏன் விழுந்தது என்றே புரியாமல் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

2010-இல் ப்ளாக், ஒயிட் கேம்கள் வந்தபோது விம்ஸிகாட் என்கிற போகிமான் வந்தது. ப்ராங்க்ஸ்டர் எபிலிட்டியால் லீச் சீட்டை முந்திக்கொண்டு போடும். அதே கேமில் ஃபெரோதார்ன் என்கிற போகிமானும் வந்தது, விதைத்துவிட்டு, அடியைத் தடுக்கிற ப்ரொடெக்ட் மூவைப் போட்டு நிற்கும், எதிரி அந்த டர்னில் ஒன்றும் செய்ய முடியாமல் எட்டில் ஒரு பங்கை இழப்பான். 2016-இல் சன், மூன் வந்தபோது டார்க் வகை மேல் ப்ராங்க்ஸ்டர் மூவ்கள் பலிக்காது என்று மாற்றினார்கள். அந்த மாற்றம் நியாயம்தான், விம்ஸிகாட்டோடு விளையாடியவர்களுக்கே தெரியும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ரெட், ப்ளூவில் புல்பசார் வைத்திருக்கிறவர்களுக்கு 20-ஆவது லெவலில் பாய்சன் பவுடர் என்கிற புது மூவ் வரும். மூவ் வைக்கிற நாலு இடமும் நிரம்பியிருக்கும், எதை மறக்கலாம் என்று கேம் கேட்கும். நிறைய பேர் அங்கேதான் லீச் சீட்டை அழிக்கிறார்கள். க்ரௌலை அழியுங்கள்.