கமோடியஸ்: வசதியிலிருந்து விசாலத்துக்கு

அவையோருக்கு வணக்கம்.

'கமோடியஸ்' என்ற ஆங்கிலச் சொல்லை இன்றைய அகராதியில் தேடினால் 'விசாலமான', 'தாராளமாக இடமுள்ள' என்று கிடைக்கும். இந்தப் பொருளை மட்டும் நம்பி 1611-இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பான கிங் ஜேம்ஸ் வேதாகமத்தைத் திறந்தால் இடறிவிடுவோம். அப்போஸ்தலர் நடபடிகள், 27-ஆம் அதிகாரம், 12-ஆம் வசனம். கிறிஸ்தவ அப்போஸ்தலரான பவுலைக் கைதியாக ஏற்றிச் செல்லும் கப்பல் கிரேத்தா தீவில் ஒதுங்கி நிற்கிறது. குளிர்காலத்தைக் கழிக்க அந்தத் துறைமுகம் 'கமோடியஸ்' அல்ல என்கிறது ஆங்கிலம். கப்பலில் 276 பேர் இருந்ததாக அதே அதிகாரம் சொல்வதால், இடம் போதவில்லை போலும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அங்கே பேச்சு இடத்தைப் பற்றியதல்ல. மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல்லுக்கு 'வாகாக அமையாதது' என்றுதான் பொருள். தமிழில் பெயர்த்தவர்கள் 'தங்குவதற்கு வசதியாயிராதபடியினால்' என்று எழுதிச் சரியாகப் பிடித்துவிட்டார்கள்.

வேர் லத்தீனில் இருக்கிறது. 'கொம்' என்றால் கூட. 'மொடுஸ்' என்றால் அளவு. அளவோடு பொருந்தியது 'கொம்மொடுஸ்'. அதாவது ஏற்றது, உகந்தது. ரோமப் பேரரசன் கொம்மொடுஸின் பெயரும் இதுதான். இணக்கமானவன் என்று பொருள்படும் பெயரை வைத்துக்கொண்டு அவன் 192-இல் கொலையுண்டு சாகும்வரை நடத்திய ஆட்சிக்கும் அந்தப் பெயருக்கும் துளியும் ஒட்டாது! ஆங்கிலத்துக்குள் இந்த உரிச்சொல் 15-ஆம் நூற்றாண்டில் நுழைந்தபோது 'பயன் தருவது', 'நன்மையானது' என்ற பொருளோடுதான் வந்தது.

1624-இல் ஆங்கில எழுத்தாளர் ஹென்றி வாட்டன் கட்டடக்கலையைப் பற்றி எழுதுகையில், நல்ல கட்டடத்துக்கு மூன்று இலக்கணம் சொன்னார்: கமோடியஸோடு ஒரே வேரில் பிறந்த 'கமாடிட்டி', உறுதி, மகிழ்ச்சி. ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் சொன்ன 'பயன்பாடு' என்பதற்கு அவர் வைத்த சொல் அது. சரக்கு, பண்டம் என்று பங்குச்சந்தைக்காரர்கள் இன்று சொல்லும் அதே கமாடிட்டிதான். வசதி, ஆதாயம் என்பது அதன் பழைய பொருள்.

அதிகம் தவறாகப் படிக்கப்படுவது ஆங்கிலத் தத்துவஞானி தாமஸ் ஹாப்ஸின் வரி என்பேன். 1651-இல் வந்த 'லெவியத்தான்', 13-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதி. மனிதரைச் சமாதானத்தின் பக்கம் சாய்க்கும் உணர்ச்சிகள் மூன்று என்கிறார்: சாவு பயம், 'கமோடியஸ்' வாழ்வுக்குத் தேவையானவற்றின் மீதுள்ள ஆசை, அவற்றை உழைப்பால் அடையலாம் என்ற நம்பிக்கை. இதை 'விசாலமான வாழ்வு' என்று மொழிபெயர்த்தால் வாதம் கெட்டுப்போகும். 'ஆடம்பர வாழ்வு' என்பது அதைவிட மோசம். அவர் கேட்பது வசதியான வாழ்வு, அவ்வளவுதான்.

1755-இல் சாமுவேல் ஜான்சன் தொகுத்த ஆங்கில அகராதியிலும் இந்தச் சொல்லுக்கு வசதி, பயன் என்றே விளக்கம் வருகிறது. பிறகு விசாலம் எப்படி ஒட்டிக்கொண்டது? வீடுகள் வழியாக. வசதியான வீடு என்றால் ஆட்களும் சாமான்களும் நெருக்கமில்லாமல் கொள்ள வேண்டும். வீட்டையும் அறையையும் பற்றி ஓயாமல் சொல்லிச் சொல்லி, காரணமாக இருந்த இடம் பொருளாகவே மாறிவிட்டது. வசதி பின்னுக்குப் போயிற்று.

பழைய நூலில் இந்தச் சொல் வந்தால் முதலில் ஆண்டைப் பாருங்கள். 1800-க்கு முந்தியதானால் 'வசதியான' என்பதைப் போட்டுப் படியுங்கள், பெரும்பாலும் பொருந்தும். அடுத்து, 'இன்ன காரியத்துக்கு' என்று நோக்கம் ஏதாவது பின்னால் வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் அது வசதியேதான். துறைமுகம், பாதை, நேரம், கருவி ஆகியவற்றோடு வரும்போது கூடுதல் எச்சரிக்கை வேண்டும். வசதியான நேரம் உண்டு, விசாலமான நேரம் கிடையாது அல்லவா?

இதே குடும்பத்தில்தான் 'கமோடு' வருகிறது. பிரெஞ்சில் அது இழுப்பறைகள் வைத்த அலமாரி. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துப் பெண்களின் உயர்ந்த தலையலங்காரத்துக்கும் அதே பெயர் இருந்தது. இரவுக் கழிப்பு நாற்காலிக்கு வந்து, நம் வீட்டுக் கழிப்பறை வரை இறங்கியது அதற்குப் பிறகு. கடற்படையின் 'கமடோர்' மட்டும் ஒலி ஒத்தாலும் உறவில்லை. அது 'கமாண்டர்' வழி வந்தது.

இன்று எழுதுவோருக்கு: தோட்டம், கூடம் போன்ற பரப்புக்கு 'ஸ்பேஷியஸ்' போதும். பை, சட்டைப்பை, நினைவாற்றல் போன்று கொள்வனவற்றுக்குக் 'கப்பேஷியஸ்'. உட்காரவோ தங்கவோ புழங்கவோ சுகமாக இருந்து, இடமும் இருந்தால் 'கமோடியஸ்'. காலி மைதானத்துக்கு அது ஒட்டாது. எழுத்துக்கூட்டலில் 'எம்' இரண்டு, 'டி' ஒன்று. உச்சரிப்பில் அழுத்தம் 'மோ'வில் விழும். 'கமாடிட்டி'யிலும் அழுத்தம் அதே இடத்தில்தான், உயிரொலி மட்டும் குறுகிவிடும்.